‘கௌரவம்’ என்னும் சொல்: ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தின் இரு திரைவடிவங்களும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ மொழிபெயர்ப்பின் வழிப் பிறந்த நாடகமாகும். கி.மு. 44 மார்ச் 15 அன்று ரோமில் நிகழ்ந்த அரசியல் கொலையைப் புளூட்டார்க் கிரேக்க மொழியில் எழுதினார். அமியோ அதனைப் பிரெஞ்சில் பெயர்த்தார். அப்பிரெஞ்சு நூலைத் தாமஸ் நார்த் 1579இல் ஆங்கிலமாக்கினார். நார்த்தின் நூலை அடிப்படையாகக் கொண்டு 1599 அளவில் ஷேக்ஸ்பியர் நாடகத்தை இயற்றினார். பின்னர் அது பலமுறை திரைப்படமாயிற்று. அவற்றுள் 1953ஆம் ஆண்டு அமெரிக்கப் படத்தையும் 2012ஆம் ஆண்டு இத்தாலியப் படத்தையும் எடுத்துக்கொண்டு, நாடகத்தின் மையச் சொல் ஒன்று அவற்றில் எவ்வாறு பொருள்படுகிறது என்பதையும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதிலிருந்து பெறத்தக்கது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நாடகத்தில் அச்சொல்

மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் சீசரின் உடலருகே இருவர் பேசுகின்றனர். புரூட்டஸ் உரைநடையில் பேசுகிறான். தன் ‘ஆனர்’ கருதித் தன்னை நம்புமாறு மக்களைக் கேட்கிறான். அடுத்து அந்தோனி செய்யுளில் பேசுகிறான். கொலை செய்தவர்களைப் பழிக்கலாகாது என்பது அவனுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. எனவே அவன் புகழ்கிறான். புரூட்டஸ் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட சொல்லையே எடுத்து, அதன் பெயரடையான ‘ஆனரபிள்’ என்பதைப் பத்து முறையளவில் திரும்பத் திரும்ப ஆள்கிறான். ஒவ்வொரு முறைக்கும் இடையே சீசரின் நற்செயல் ஒன்றை வைக்கிறான்: மீட்புப் பணத்தால் பொதுக் கருவூலம் நிறைந்தது, ஏழைகள் அழுதபோது சீசரும் அழுதான், மும்முறை முடியை மறுத்தான்.

இங்கே சொல்லின் அகராதிப் பொருள் மாறவில்லை. சூழலால் விளையும் பயன்வழிப் பொருளே படிப்படியாகத் தலைகீழாகிறது. இறுதியில் கூட்டத்திலிருந்து ஒருவன், அவர்கள் துரோகிகள் எனக் கூறி, அந்தப் புகழ்ச்சொல்லை வெறுப்போடு திருப்பி எறிகிறான். அந்தோனி சொல்லாமல் விட்டதை மக்களே சொல்லிவிடுகின்றனர்.

3. 1953: முகம் காட்டும் பொருள்

ஜோசப் எல். மேன்கீவிச் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படத்தில் மார்லன் பிராண்டோ அந்தோனியாகவும், ஜேம்ஸ் மேசன் புரூட்டஸாகவும், ஜான் கில்குட் காசியஸாகவும் நடித்தனர். இதில் ஷேக்ஸ்பியரின் சொற்களே பேசப்படுகின்றன. திரைப்படம் புதிதாகத் தருவது கேட்போரின் முகங்களையே. ஒவ்வொரு முறை அச்சொல் விழும்போதும் கூட்டத்தின் முகத்தில் நிகழும் மாற்றத்தைக் காண்கிறோம். துயரம் மேலிட்டவனாக அந்தோனி பேச்சை நிறுத்திக் கூட்டத்திற்கு முதுகு காட்டித் திரும்புகிறான். அப்போது அவன் முகம் ஒளிப்படக் கருவிக்கு மட்டும் தெரிகிறது. பின்னால் எழும் முணுமுணுப்பை அளந்து பார்க்கும் முகம் அது. கூட்டம் காணாத முகத்தை நாம் காண்பதால் சொல்லின் எள்ளற்பொருள் நமக்கு முன்னதாகவே புலனாகிறது.

4. 2012: பேசுவோர் தரும் பொருள்

பாவ்லோ, விட்டோரியோ தவியானி சகோதரர்களின் ‘சீசர் சாகவேண்டும்’ 2012ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. ரோமிலுள்ள ரெபிபியா சிறையின் உயர்பாதுகாப்புப் பிரிவில் உள்ள கைதிகளே இதன் நடிகர்கள். அவரவர் தத்தம் கிளைமொழியிலேயே பேசவேண்டும் என்பது நாடக இயக்குநரின் அறிவுறுத்தல். ஆகவே நேப்பிள்ஸ், சிசிலி முதலிய வட்டாரப் பேச்சுகள் சீசரின் ரோமில் ஒலிக்கின்றன. சிறை முற்றத்தில் அந்தோனி பேசுகிறான். கம்பியிட்ட சாளரங்களிலிருந்து கைதிகள் குடிமக்களாகக் குரலெழுப்புகின்றனர்.

இத்தாலியத்தில் அச்சொல் ‘உவோமோ தொனோரே’ என வரும். ‘மானமுள்ள மனிதன்’ என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் சிசிலியின் மாஃபியாக் குழுவினர் தம்மைக் குறித்துக்கொள்ளும் பெயரும் அதுவே. திட்டமிட்ட குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றோர் வாழும் சிறையில் அச்சொல் ஒலிக்கும்போது அதன் எள்ளலை முகபாவத்தால் உணர்த்த வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது. கொலையும் கௌரவமும் ஒரே சொல்லில் முன்னரே இணைந்துள்ளன. முதற்படத்தில் காட்சி செய்த பணியை இங்குப் பேச்சுச் சமூகத்தின் வழக்கே செய்துவிடுகிறது எனலாம்.

5. தமிழில் எச்சொல்?

மேற்கூறியவற்றால் தமிழ்ச் சொல்லுக்கு மூன்று தகுதிகள் வேண்டும் என அறியலாம். புரூட்டஸ் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளத்தக்கதாக அது இருக்கவேண்டும். முதன்முறை கேட்கையில் மெய்யான புகழ்ச்சியாகவே ஒலிக்கவேண்டும். பின்னர் கசக்கவும் வேண்டும்.

‘மாண்புமிகு’ பதவியைச் சுட்டும் அடைமொழி. தன்னைக் குறித்து ஒருவர் கூறிக்கொள்ள இயலாது. ‘பெரிய மனிதர்’ பேச்சுவழக்கில் எள்ளலுக்கு மிக ஏற்றது. ஆனால் முதல் முறையிலேயே எள்ளல் வெளிப்பட்டுவிடும். அந்தோனியின் படிப்படியான உத்தி அழியும். ‘கண்ணியம்’ முதலிரு தகுதிகளும் உடையது. எனினும் எளிதில் கசப்பதில்லை.

எஞ்சுவன ‘மானம்’, ‘கௌரவம்’ என்பன. திருக்குறளின் 97ஆம் அதிகாரம் மானத்திற்கு உரியது. மானம் நீங்கும் நிலையில் உயிரை விடுவோரைப் போற்றுவது. பிலிப்பி போர்க்களத்தில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளும் புரூட்டஸுக்கு அது பொருந்தவே செய்யும். ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. மானத்தைப் பிறர் போக்கலாம். ஆனால் தர இயலாது. கௌரவமோ பிறர் தருவது. ‘கௌரவித்தல்’ என வினையாதலும் இதற்குச் சான்று. மக்கள் தந்த மதிப்பை மக்களைக் கொண்டே திரும்பப் பறிப்பது அந்தோனியின் செயலாதலின் ‘கௌரவம்’ என்பதே ஏற்புடையது.

இச்சொல் கசந்த வரலாறும் தமிழில் உண்டு. சாதி கடந்து மணந்தோரை உறவினரே கொல்லும் கொடுமையை முன்னர் இதழ்கள் ‘கௌரவக் கொலை’ என எழுதின. கொலைக்குக் கௌரவம் ஏது என்ற எதிர்ப்பு எழுந்தபின் ‘ஆணவக் கொலை’ என்னும் தொடர் பரவி நிலைபெற்றது. ரோமக் கூட்டத்தில் ஒருவன் செய்ததையே தமிழ்ப் பேச்சுச் சமூகமும் செய்துள்ளது. கொன்றவர் சூடிய புகழ்ச்சொல்லை அது ஏற்க மறுத்தது.

6. முடிவுரை

தேர்ந்த சொல்லை எல்லா இடங்களிலும் மாற்றாமல் ஆளுதல் இன்றியமையாதது. புரூட்டஸின் பெயர்ச்சொல்லுக்கு ஒரு வேரும் அந்தோனியின் பெயரடைக்கு வேறொரு வேரும் வந்தால், எதிரியின் சொல்லையே அவன் ஆயுதமாக்குவது மறைந்துபோகும். திரையின் அடியில் மொழிபெயர்ப்பு வரிகளை எழுதுவோர் இடமின்மை கருதி முதலில் நீக்குவது கூறியது கூறலையே. பிற இடங்களில் அது பொருந்தலாம். இக்காட்சியில் கூறியது கூறலே பொருளாதலால், நீக்கப்படும் ஒவ்வொரு முறையும் கூட்டம் மனம் மாறுவதற்கான காரணங்களுள் ஒன்று குறைகிறது. எச்சொல்லைக் கேட்டு மக்கள் எழுந்தனர் என்பது பார்வையாளருக்கு விளங்காவிடின், எஞ்சுவது காரணமற்ற கலவரமே.