பிழையும் ஒரு செய்தியே

எட்டைப் பூச்சியத்தால் வகுத்தால் விடை என்ன? வகுக்க இயலாது என்று உடனே கூறிவிடுவீர்கள். கணிப்பொறியோ கட்டளைகளை மட்டுமே அறியும். இயலாத ஒன்று குறுக்கிட்டால் என்ன செய்வது என்பதையும் நாம்தான் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இத்தகைய நிலையை 'விதிவிலக்கு' என்பர்.

அவ்வாறு எழுதி வைக்காததால் நேர்ந்த ஒரு விபத்தைப் பார்ப்போம். 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரு தளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான்-5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. அதன் சாய்வையும் வேகத்தையும் கணித்து மையக் கணிப்பொறிக்கு அனுப்ப ஒரு கருவி இருந்தது. அக்கருவியின் நிரல் பழைய ஏரியான்-4 ராக்கெட்டுக்காக எழுதப்பட்டது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை அது 16 பிட் முழு எண்ணாக மாற்றும். அதில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. புதிய ராக்கெட்டுக்குக் கிடைமட்ட வேகம் மிகுதி. ஆகவே எண் அடங்கவில்லை. விதிவிலக்கு எழுந்தது, அதைச் சமாளிக்கும் கட்டளை அங்கே இல்லை. கருவி நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே நிரல்தான் என்பதால், அது சற்று முன்னரே நின்றுபோயிருந்தது!

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். நின்ற கருவி தன் பழுதைத் தெரிவிக்கும் குறியீட்டை அனுப்பியது. மையக் கணிப்பொறி அதைப் பறப்பு அளவு என்றே எடுத்துக்கொண்டு, இல்லாத சாய்வைத் திருத்த முனைந்தது. ராக்கெட் திடீரெனத் திரும்பி, ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் உடைந்து வெடித்தது. அதிலிருந்த நான்கு க்ளஸ்டர் விண்கலங்களும் அழிந்தன.

பழுதுச் செய்தி, பழுதுச் செய்தி என்றே தெரிய வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா? இன்று ஜாவா மொழியில் இணையச் சேவைகளை எழுதுவோர் இதற்கு ஒரு முறையைக் கையாளுகின்றனர். நூலகச் சேவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நிரல் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும். நீங்கள் கேட்ட நூல் பட்டியலில் இல்லையெனில், தேடும் பகுதி 'நூல் இல்லை' என்று தனிப்பெயர் சூட்டிய விதிவிலக்கை எழுப்பும். எல்லா விதிவிலக்குகளையும் பொதுவான ஒரு பகுதி பிடித்து, உரிய எண்ணுடன் பதிலாக மாற்றும். கேட்டது இல்லையெனில் 404; சேவையின் உள்ளேயே பழுதெனில் 500. எண்ணைக் கண்டதுமே, வந்திருப்பது நூல் விவரம் அன்று, பிழைச் செய்தி என்பதை மறுமுனைக் கணிப்பொறி அறிந்துகொள்ளும்.

நீங்கள் நிரல் எழுதும்போது விடைக்கு மட்டுமன்றி, விடை கிடைக்காத நிலைக்கும் ஒரு வழி வகுத்து வையுங்கள்.