எலும்பு முறிந்தால் படுக்கையா, நடையா?

பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஒருவர் சறுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எழும் முதல் கேள்வி, "கட்டுப் போடுபவரிடம் போவதா, ஆஸ்பத்திரிக்கா?" அடுத்த கேள்வி, "ஆபரேஷன் அவசியமா?"

மாணவர்களே, இதற்கு விடை தெரிந்தவராக வீட்டில் நீங்கள் இருக்கலாம்.

எல்லா முறிவுக்கும் அறுவை தேவையில்லை. விலகாத மணிக்கட்டு முறிவுக்குப் பெரும்பாலும் மாவுக்கட்டே போதும். 1852-இல் டச்சு இராணுவ மருத்துவர் மதைசன் தந்த முறை அது. தொடை எலும்பின் கதை வேறு. முன்பு காலில் எடை கட்டி இழுத்து, நோயாளியை இரண்டு மூன்று மாதம் படுக்கவைத்தார்கள். எலும்பு ஒட்டியது, ஆனால் தசை மெலிந்தது, முட்டி இறுகியது, படுக்கைப்புண் வந்தது. காலில் இரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

1939-இல் ஜெர்மன் மருத்துவர் குன்ட்ஷர் எலும்பின் உள்ளே உலோகக் கம்பி செலுத்தினார். இன்று அம்முறையில் பலர் ஓரிரு நாளில் ஊன்றுகோலுடன் எழுந்து நிற்கிறார்கள்.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறோம். கம்பி எலும்பை ஒட்டவைப்பதில்லை. அது பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எலும்பு தானாகவே ஒட்டுகிறது. அதற்குப் பல மாதங்கள் ஆகும். கம்பியின் உண்மையான பயன், அந்த மாதங்களில் நோயாளி அசையலாம் என்பதே. "ஆபரேஷன் செய்த கால், ஆட்டாதே" என்று பாசத்தோடு படுக்கவைத்தால், கத்தியின் வலியைத் தாங்கியும் பழைய படுக்கைக்கே திரும்பியதாகும்.

தோட்டத்திலிருந்து சிரம்பானுக்கோ குவாலா பிலாவுக்கோ பிசியோதெரபிக்குப் போய்வர வண்டி வேண்டும். கூட வருபவரின் ஒருநாள் சம்பளமும் போகும். அதனாலேயே பயிற்சி பாதியில் நிற்கிறது. சொக்சோ சந்தாதாரர் வேலையிலோ வேலைக்குப் போகும் வழியிலோ அடிபட்டால், சிகிச்சையோடு மறுவாழ்வுப் பயிற்சிக்கும் உரிமை உண்டு. மனு எழுத உதவுங்கள்.

வீட்டில் கணுக்காலை மேலும் கீழும் அசைக்கவும், தொடையை இறுக்கித் தளர்த்தவும் தினமும் நினைவூட்டுங்கள். எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, புண்ணில் சீழ் வந்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். கட்டுப் போட்ட பிறகு விரல்கள் மரத்தாலும் அப்படித்தான். யார் போட்ட கட்டாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

அறுவை ஓரிரு மணி நேரம். நடைப் பயிற்சி பல மாதம். அந்த மாதங்களில் தாத்தாவின் பக்கத்தில் இருக்கப்போவது டாக்டர் அல்ல, நீங்கள்தான்.