பைக்கா, காரா... எது ஃபாஸ்ட்?

ஸ்பெயினின் பார்சிலோனா பந்தயப் பாதையில் ஃபார்முலா 1 கார்களும் ஓடுகின்றன, மோட்டோ ஜிபி பைக்குகளும் ஓடுகின்றன. ஒரு சுற்று 4.657 கி.மீ. 2023 தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்த கார் இதை 72 விநாடிகளில் கடந்தது. பைக்குக்கு 98 விநாடிகளுக்கும் மேல் ஆனது!

இத்தனைக்கும் நேர்ப்பாதையில் பைக் சளைத்ததல்ல. அதே ஆண்டு இத்தாலியின் முஜெல்லோவில் ஒரு மோட்டோ ஜிபி பைக் மணிக்கு 366 கி.மீ. வேகத்தைத் தொட்டது.

பைக் தோற்பது வளைவில்தான். காருக்கு நான்கு அகலமான டயர்கள். இறக்கைகளில் மோதும் காற்றும் அதைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. சாய்ந்து திரும்பும் பைக்கைத் தாங்குவதோ உள்ளங்கையளவு ரப்பர். பிரேக்கை ஓங்கி அழுத்தினால் பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும்.

சாதாரண சாலையிலும் பைக்குக்கு இதே பலவீனம் உண்டு. சிக்னலில் காரை முந்துவது சுலபம். அடுத்த வளைவில் தவறினால், பைக்கில் போகிறவருக்கு உடம்புதான் பம்பர்!