முப்பது வயதுப் புதுமுகம்

ரக்பியை நிர்வகிக்கும் வேர்ல்டு ரக்பி அமைப்பு, பெண்களுக்கான 15 பேர் ஆட்டத்தில் ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கு ஒரு விருது தருகிறது. 2022-இல் அது நியூசிலாந்தின் ரூபி டூயிக்குப் போனது. அப்போது அவருக்கு வயது 30. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், 2019-இலேயே ஏழு பேர் ஆட்டமான செவன்ஸில் உலகின் சிறந்த வீராங்கனை என்று பெயர் வாங்கியவர். பழம் தின்று கொட்டை போட்டவருக்குப் புதுமுக விருதா?

கோளாறு தேர்வில் இல்லை. செவன்ஸும் 15 பேர் ஆட்டமும் ரக்பிதான், ஆனால் அக்காள் தங்கை மாதிரி. முகஜாடை ஒன்று, குணம் வேறு. டூயி 15 பேர் அணிக்கு வந்ததே 2022-இல்தான். வந்த ஆண்டிலேயே உலகக் கோப்பை. ஈடன் பார்க்கில் நடந்த இறுதிப் போட்டியில் நியூசிலாந்து 34-31 என்று இங்கிலாந்தை வென்றது.

இரண்டுக்கும் மைதானம் ஒரே அளவு. அகலம் கிட்டத்தட்ட 70 மீட்டர். செவன்ஸில் அதை ஏழே பேர் காக்க வேண்டும். ஆளுக்குப் பத்து மீட்டர். கபடியில் ஒருத்தி பிடி நழுவவிட்டால் அடுத்தவள் பாய்ந்து விழுவாள். இங்கே அடுத்தவள் எங்கோ இருப்பாள். ஒரு பிடி தவறினால் எதிராளி கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்திவிடுவாள். அதுதான் ட்ரை, ஐந்து புள்ளி. ஆட்டம் பாதிக்கு ஏழு நிமிடம்தான், ஆனால் மூச்சு வாங்க நேரமில்லை. அப்படிப் பழகிய கால்கள், பாதிக்கு 40 நிமிடம் நீளும் 15 பேர் ஆட்டத்துக்கு வரும்போது சின்ன இடைவெளியும் அகலமாகத் தெரியும். பழகாதது ஸ்க்ரம், அதாவது பந்துக்காக இரு அணிகளும் முட்டித் தள்ளுவது: செவன்ஸில் மூன்று பேர் தோள் கொடுத்துத் தள்ளியது, இங்கே எட்டுப் பேர்.

2024-இல் விருது பெற்ற அயர்லாந்தின் எரின் கிங்கும் அந்தச் செவன்ஸ் பள்ளிதான். பாரிஸ் ஒலிம்பிக்கில் செவன்ஸ் ஆடியவர், செப்டம்பரில் 15 பேர் அணியில் அறிமுகமானார். அதே மாதம் வான்கூவரில், உலக சாம்பியன் நியூசிலாந்துக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். கடைசி நிமிடத்தில் 22-27 என்று அயர்லாந்து பின்தங்கியிருந்தபோது கிங் தன் இரண்டாவது ட்ரையை வைத்தார். 27-27. ட்ரைக்குப் பின் சக வீராங்கனை டானா ஓ'பிரையன் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போக, இன்னும் இரண்டு புள்ளி, 29-27. இந்த ஓர் ஆட்டத்துக்கே விருதைக் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

2025-இல் விருது, பெயருக்கு ஏற்றபடி, நிஜமாகவே ஓர் இளம்பெண்ணுக்குப் போனது. நியூசிலாந்தின் பிராக்ஸ்டன் சோரன்சன்-மெக்கீ, வயது 18. அந்த ஆண்டு உலகக் கோப்பையில் 11 ட்ரைகள். போட்டியிலேயே அதிகம் அவருடையதுதான். அதில் மூன்று, பிரைட்டனில் அயர்லாந்துக்கு எதிராக. நியூசிலாந்து 40-0 என்று ஜெயித்த அந்த நாளில் எரின் கிங் களத்தில் இல்லை. முழங்கால் காயத்தால் உலகக் கோப்பை முழுவதையுமே தவறவிட்டிருந்தார்.