சாமிக்கு எழுதிவைத்த நாடு

திருவனந்தபுரம் கரமனையில் வீட்டுக்கு வீடு சொல்லப்படும் வரலாறு ஒன்று உண்டு. மார்த்தாண்ட வர்ம மகாராஜா தாம் ஜெயித்த நாட்டையெல்லாம் பத்மநாப சுவாமியின் காலடியில் வைத்துவிட்டார், அரசுரிமையே வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டார், அதற்குப் பிறகு திருவிதாங்கூரை ஆண்டது சாமிதான் என்பார்கள். இதில் முன்பாதி உண்மை. பின்பாதியில்தான் ஒரு முடிச்சு இருக்கிறது. அதை இன்று நாம் நிதானமாக அவிழ்த்துப் பார்ப்போம். அவசரமில்லை, டீயைக் குடித்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் 1729-க்குப் போக வேண்டும். இருபதுகளில் இருந்த மார்த்தாண்ட வர்மர் அந்த வருடம்தான் பட்டத்துக்கு வந்தார். அப்போது நாம் அறிந்த திருவிதாங்கூர் என்ற பெரிய நாடு இல்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தையும் திருவனந்தபுரத்தைச் சுற்றிய பகுதியையும் கொண்ட வேணாடு என்ற சிறு நாடுதான் இருந்தது. கொல்லத்தில் ஒரு ராஜா, கொட்டாரக்கரையில் ஓர் அரச குடும்பம், காயங்குளத்தில் ஒரு ராஜா, அம்பலப்புழையில் ஒரு ராஜா, அதற்கும் வடக்கே தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று வரிசையாகச் சிறு நாடுகள். கடற்கரையில் மிளகுக்காக டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கிடங்கு போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வேணாட்டுக்குள்ளேயே ராஜாவின் சொல் செல்லவில்லை என்பதுதான் இதைவிட முக்கியம். பத்மநாப சுவாமி கோயிலை நிர்வகித்த சபைக்கு எட்டரை யோகம் என்று பெயர். எட்டு உறுப்பினர்களுக்கு ஆளுக்கு ஒரு வாக்கு, ராஜாவுக்கு அரை வாக்கு. கோயில் நிலங்களின் வரவு செலவு எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்களின் கையில் இருந்தது. நாட்டின் நல்ல வயல்களில் பெரும்பங்கு கோயிலுக்குச் சொந்தம். ஆகவே கோயிலைப் பிடித்தவர்கள் நாட்டையும் பிடித்திருந்தார்கள். ராஜா கோயிலுக்குள் நுழையும்போது சாமி முன்னால் மட்டுமல்ல, இவர்கள் முன்னாலும் கொஞ்சம் குனிந்துதான் போக வேண்டியிருந்தது.

வாரிசுத் தகராறும் சேர்ந்துகொண்டது. அங்கே மருமக்கத்தாயம், அதாவது பட்டம் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். முன்னிருந்த ராஜா ராம வர்மரின் பிள்ளைகளான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் இதை ஏற்கவில்லை. பிள்ளைமார் அவர்கள் பக்கம் நின்றார்கள். இளவரசராக இருந்த மார்த்தாண்ட வர்மர் உயிருக்குப் பயந்து ஒளிந்து திரிந்த காலம் அது. நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்று சொல்லும் அம்மச்சிப் பிலாவு கதையைக் கேட்டிருப்பீர்கள். சி. வி. ராமன் பிள்ளை 1891-இல் எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் இந்தப் பகையைத்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ராஜாவான பிறகு அவர் செய்ததைப் பூசி மெழுகிச் சொல்லக் கூடாது. தம்பிமார் இருவரும் கொல்லப்பட்டார்கள். பிள்ளைமார் பிடிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் குடும்பத்துப் பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரை மக்களிடம் கொடுத்துவிட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. நாட்டை உருவாக்கியவர் என்று நாம் அவரைப் போற்றும்போது இதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். அந்தக் குழந்தைகள் எந்தச் சதியிலும் இல்லை.

உள்ளே எதிர்ப்பு அடங்கியதும் வேலை இரண்டு பக்கமாக நடந்தது. ஒன்று கோயில். 1686-இல் நெருப்பில் சேதமான அந்தக் கோயிலை அவர் புதுப்பித்தார். பன்னிரண்டாயிரத்து எட்டுச் சாளக்கிராமக் கற்களைச் சேர்த்துப் புது மூலவர் அமைந்தது. சாமியின் முன்னால் இருக்கும் ஒற்றைக்கல் மண்டபத்துக்குத் திருமலையில் கல் வெட்டினார்கள். திருமலை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மற்றொன்று படை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மறவர்கள் வந்தார்கள். அதே சீமையில் ஏர்வாடியில் பிறந்த ராமய்யன் என்ற தமிழ் பிராமணர் தளவாய் ஆனார். படைத்தலைமையும் மந்திரி வேலையும் சேர்ந்த பதவி அது. மல்லன் சங்கரன் என்பவர் நிலங்களை அளந்து, யாருக்கு என்ன வரி என்று கணக்கு எழுதினார். மிளகு வியாபாரம் முழுவதும் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. விளைவித்தவர் அரசாங்கக் கிடங்குக்குத்தான் விற்க வேண்டும். அந்தப் பணத்தில்தான் படை சாப்பிட்டது.

மிளகுதான் டச்சுக்காரர்களுக்குக் கோபம் வரக் காரணம். அவர்கள் குளச்சலில் இறங்கினார்கள். 1741 ஆகஸ்ட் 10-ஆம் தேதி அங்கே தோற்றுச் சரணடைந்தார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். அவரை மகாராஜா கொல்லாமல் தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். கடைசியில் அவரே வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி ஆனார். 1777-இல் இறக்கும்வரை திருவிதாங்கூருக்காகவே உழைத்தார். குளச்சலோடு டச்சுக்காரர்கள் கப்பலேறிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சண்டையும் பேச்சும் இன்னும் 12 வருடம் நீண்டன. 1753-இல் மாவேலிக்கரையில் உடன்படிக்கை ஆன பிறகுதான், மற்ற ராஜாக்களோடு மகாராஜா போடும் சண்டைகளில் தலையிடுவதில்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் கொட்டாரக்கரை, காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர் எல்லாம் ஒவ்வொன்றாக வேணாட்டோடு சேர்ந்துவிட்டன.

இப்போது முடிச்சுக்கு வருவோம். 1750 ஜனவரி 3-ஆம் தேதி அவர் ஒற்றைக்கல் மண்டபத்தில் தம் உடைவாளைச் சாமியின் முன்னால் வைத்து, நாட்டை முழுவதுமாகப் பத்மநாபருக்குத் தானம் செய்தார். திருப்படித்தானம் என்பது இதுதான். பிறகு அந்த வாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பத்மநாபதாசன் என்ற பெயரில் நாட்டை ஆண்டார். வாள் அதே வாள், எடுத்தவரும் அதே மனிதர். மறுநாள் காலையில் வரி வசூலித்தவர்கள் நேற்று வசூலித்தவர்கள்தான். தளவாய் ராமய்யன் அதே ராமய்யன். ஓர் அலுவலகம்கூடக் கோயிலின் பொறுப்புக்கு மாறவில்லை. 1758-இல் இறக்கும்வரை மகாராஜா எட்டு வருடங்களுக்கு மேல் ஆண்டார், அதுவும் முன்னைவிட உறுதியாக. ஒதுங்கியவர் ஆட்சி இப்படி இருக்காது.

அப்படியானால் என்னதான் மாறியது? ஒரு பெரிய குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். பெரியவர் பாடுபட்டு அக்கம்பக்கத்து மனைகளையெல்லாம் தம் மனையோடு சேர்த்துவிட்டார். பழைய சொந்தக்காரர்களுக்கு இன்னும் அதன்மேல் கண். பின்னால் வருகிறவர்கள் பாகம் பிரித்து விற்றுவிடுவார்களோ என்ற பயமும் அவருக்கு உண்டு. ஒருநாள் அவர் பத்திரத்தைக் குலதெய்வத்தின் பேரில் எழுதிவைக்கிறார். சாவி மட்டும் அவர் இடுப்பிலேயே இருக்கிறது. இனி யாராவது பாகம் கேட்டால் சாமியிடம் கேட்கிறார்கள் என்று ஆகிவிடும். வேலியைத் தாண்டினால் சாமி சொத்தில் கைவைத்த பாவம் வந்துவிடும். பெரியவருடைய வாரிசும் ஒரு சென்ட் நிலத்தைக்கூட இஷ்டத்துக்கு விற்க முடியாது.

திருப்படித்தானம் செய்த வேலையும் இதுதான். காயங்குளத்திலோ அம்பலப்புழையிலோ மனக்கசப்போடு இருந்த ஒரு பிரபு நேற்றுவரை மார்த்தாண்ட வர்மரை எதிர்க்கலாம், அது அரசியல். இன்று எதிர்த்தால் அது சாமி துரோகம். கோயிலை வைத்து ராஜாவை மிரட்டிய காலமும் போயிற்று, ஏனென்றால் சாமியின் முதல் தாசன் ராஜாவேதான். அரை வாக்கு வைத்திருந்தவர் முழு வாக்கையும் இப்படி எடுத்துக்கொண்டார்.

இதைக் கேட்டதும், எல்லாம் தந்திரம்தானா, பக்தி ஒன்றும் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை ரத்தம் சிந்தியவர் மனத்தில் பயமும் பாரமும் இல்லாமலிருக்குமா? ஆறு வருடத்துக்கு ஒருமுறை 56 நாள் வேதம் ஓதும் முறைஜபத்தைத் தொடங்கியவர் அவர்தான். நம்பிக்கையும் ராஜதந்திரமும் அவருக்கு இரண்டு தனி அறைகளில் இருக்கவில்லை. உண்மையாகவே வணங்கிய சாமியின் பேரில் எழுதியதால்தான் அந்தப் பத்திரம் இத்தனை காலம் நின்றது என்பது என் எண்ணம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நாடே சாமியுடையது என்றால் திருவிதாங்கூரின் ஒவ்வொரு பிடி மண்ணும் கோயில் சொத்து என்றுதானே ஆகிறது? நிலக் கணக்கைப் பார்த்தால் அப்படியில்லை என்று தெரிந்துவிடும். அரசாங்க நிலத்துக்குப் பண்டாரவகை என்று பெயர். பத்மநாப சுவாமி கோயிலின் சொந்த நிலம் ஸ்ரீபண்டாரவகை. அரண்மனையின் நிலம் கண்டுகிருஷி. மூன்றுக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதினார்கள். நாடு முழுவதும் நடைமுறையிலும் கோயிலுடையதாக இருந்திருந்தால், கோயில் நிலத்துக்கென்று தனிக் கணக்கு எதற்கு? ஸ்ரீபண்டாரவகை நிலங்களைப் பயிர் செய்தவர்களுக்கே உரிமையாக்க 1971-இல் கேரள அரசு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

பத்திரம் வெறும் சடங்கு என்றும் நினைத்துவிடாதீர்கள். எழுதியவரின் வாரிசுகளையும் அது கட்டிப்போட்டது. 1949 ஜூலை 1-ஆம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. திருவிதாங்கூரை அப்போது ஆண்ட சித்திரைத் திருநாள் மகாராஜா அதன் ராஜப்பிரமுகர், அதாவது மாநிலத் தலைவர் ஆக வேண்டும். மற்ற சமஸ்தானங்களில் செய்ததுபோலப் பதவிப் பிரமாணம் எடுக்கச் சொன்னபோது அவர் தயங்கினார். பத்மநாபதாசனாக இருக்கிற தான் வேறொரு பிரமாணம் எடுக்க முடியாது என்றார். இணைப்பை நடத்திய வி. பி. மேனன் ஒரு வழி கண்டார். பிரமாணத்துக்குப் பதிலாக மகாராஜா இந்திய அரசுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார். 1750-இல் மண்டபத்தில் வைத்த வாள் 200 வருடம் கழித்து டெல்லிக்கும் ஒரு சிக்கலைக் கொடுத்திருக்கிறது.

அதோடும் முடியவில்லை. ராஜாக்களின் பட்டமும் மானியமும் 1971-இல் போன பிறகு, திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குக் கோயிலில் என்ன உரிமை என்ற கேள்வி எழுந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் குடும்பத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் நிலவறைகளைத் திறந்ததும், உள்ளே இருந்த பொன்னைப் பற்றி உலகமே பேசியதும் உங்களுக்கு நினைவிருக்கும். 2020 ஜூலை 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது: சாமியின் சொத்தைச் சாமிக்காகப் பராமரிக்கும் உரிமை குடும்பத்துக்குத் தொடர்கிறது, நிர்வாகத்தை மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு பார்க்கும். சொத்து சாமியுடையது, பராமரிப்பு தாசனுடையது என்ற அந்தப் பழைய ஏற்பாட்டின் சாயல் இதில் தெரிகிறதல்லவா?

இந்த ஏற்பாட்டால் யாருக்கு இழப்பு என்பதையும் நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும். சாமியின் பேரால் நடந்த அரசில் ஊட்டுப்புரைகளில் பிராமணர்களுக்கு இலவசச் சாப்பாடு கிடைத்தது. அந்தச் சாப்பாட்டுக்கு வரி கட்டிய ஈழவரும் நாடாரும் புலையரும் பறையரும் கோயில் வாசலை நெருங்க முடியாது. 1936 நவம்பர் 12-ஆம் தேதி வந்த ஆலயப் பிரவேச விளம்பரம்தான் கதவைத் திறந்தது. நாட்டின் சொந்தக்காரர் என்று சொல்லப்பட்ட சாமியை, அந்த நாட்டுக் குடிகளில் பெரும்பாலோர் 186 வருடம் பார்க்க முடியாமல் இருந்தார்கள். மார்த்தாண்ட வர்மரின் நாடு நிலைத்து நின்றது, ஆனால் எல்லோருக்கும் நியாயமாக நிற்கவில்லை.

நம் கரமனைக்கு இந்தக் கதையில் வருடாவருடம் ஓர் இடம் கிடைக்கிறது. நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். முன்னால் போவது அரண்மனையில் வைத்துப் பூஜித்த உடைவாள். குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக வந்து கரமனையில்தான் குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் ஏறுகிறார். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நாடு இரண்டானாலும் வாள் மட்டும் இன்றும் எல்லை தாண்டி வருகிறது, இரண்டு மாநிலப் போலீசும் அதற்கு மரியாதை செய்கிறார்கள்.

கேரள அரசின் முத்திரையைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு யானைகளுக்கு நடுவில் இருக்கும் சங்கு பத்மநாபருடையது. ராஜா போய், ராஜ்யம் போய், ஓட்டுப்போட்டு அரசாங்கம் வந்த பிறகும் ரேஷன் கடைக் காகிதம்வரை அந்தச் சங்கு வந்துகொண்டிருக்கிறது.

படித்ததோடு நிறுத்தாமல் ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். நாகர்கோவில் பஸ்ஸில் ஏறித் தக்கலையில் இறங்கினால் பத்மநாபபுரம் அரண்மனை பக்கம்தான். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்து. குழந்தைகளையும் கூட்டிப்போங்கள். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அன்று மட்டும் வேண்டாம்.