எழுபதுகளில் எது நம்பர் ஒன் பாட்டு?

அமெரிக்காவில் ஒரு பாட்டு முதலிடம் பிடித்ததா என்று தெரிந்துகொள்ள 'பில்போர்டு' பத்திரிகையைப் புரட்டினால் போதும். 1958 ஆகஸ்ட் 4 முதல் வாராவாரம் நூறு பாட்டுகளை வரிசைப்படுத்தி அது வெளியிட்டுவருகிறது. கடைகளில் விற்ற இசைத்தட்டும் வானொலியில் ஒலித்த தடவைகளும்தான் அன்று கணக்கு. கறுப்பின மக்கள் விரும்பிக் கேட்ட பாட்டுகளுக்குத் தனிப்பட்டியல் உண்டு. 1969இலிருந்து 1982 வரை அந்தப் பட்டியலின் பெயரே 'சோல்'. இங்கிலாந்து இதற்கெல்லாம் முந்தி, 1952 நவம்பரிலேயே தன் முதல் பட்டியலைப் போட்டுவிட்டது.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு பட்டியல் இருந்ததில்லை. ஆனாலும் எந்தப் பாட்டு ஜெயித்தது என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

நைனார்பாளையத்தையே எடுத்துக்கொள்ளலாம். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் வட்டம். எழுபதுகளில் இந்தப் பக்கம் முழுவதும் தென்னாற்காடு மாவட்டம். கடலூரில் கலெக்டர் இருந்த காலம் அது. 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது, 2019இல் கள்ளக்குறிச்சி தனியானது. கல்வராயன் மலையின் அடிவாரத்துச் சமவெளியில், நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் இது போன்ற ஊர்களுக்குப் பாட்டு மூன்று வழிகளில் வந்து சேர்ந்தது: டீக்கடை ரேடியோ, கல்யாண வீட்டு மைக் செட், டூரிங் டாக்கீஸ். மூன்றிலும் ஒரே பாட்டு கேட்டால் அதுதான் நம்பர் ஒன்.

ரேடியோ அன்று எல்லா வீட்டுக்கும் உரிய பொருளல்ல. அதை வைத்திருக்கத் தபாலாபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். எண்பதுகளில்தான் அந்தக் கட்டாயம் ஒழிந்தது. அதனால் ஒரு ரேடியோவை ஒரு தெருவே கேட்டது. பஞ்சாயத்து ரேடியோ வைத்திருந்த ஊர்களில் சாயங்காலம் செய்தியோடு பாட்டும் பொதுவில் ஒலித்தது. ஒரு பாட்டைப் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று பலர் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் முடிவு செய்தார்கள். காதில் கருவியைச் செருகிக்கொண்டு தனித்தனியாகக் கேட்கும் இன்றைய தலைமுறைக்கு இது விளங்குவது கடினம்.

மைக் செட்டுக்காரர் இன்னொரு நீதிபதி. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் விடிவதற்குள் வீட்டுக் கூரையிலோ மரத்திலோ கூம்பு ஸ்பீக்கர் ஏறிவிடும். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, பிறகு சினிமாவுக்குப் போவார்கள். அவர் பெட்டியில் இருக்கும் ரிக்கார்டுகள் குறைவு. காசு கொடுத்து வாங்கியவை என்பதால், கேட்பார் இல்லாத பாட்டுக்கு அவர் பணம் போடமாட்டார். ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட தட்டு தேய்ந்து கீறல் விழும், ஊசி ஒரே இடத்தில் நின்று சுற்றும். தேய்ந்த தட்டைவிட நேர்மையான விற்பனைக் கணக்கு எந்தப் பத்திரிகையிலும் வந்திருக்க முடியாது. டாக்கீஸ் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வரிகளை மனப்பாடம் செய்ய அதைத்தான் வாங்கினார்கள்.

இத்தனைக்கும் மேலே, கடலைத் தாண்டி வந்த ஒரு குரல் இருந்தது. இலங்கை வானொலி.

அது இங்கே காலூன்றியதற்கு டெல்லிதான் காரணம். 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. சாஸ்திரிய சங்கீதம் வளர வேண்டும் என்று அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஓரங்கட்டினார். அந்த வெற்றிடத்தை அப்போதைய ரேடியோ சிலோன் நிரப்பியது. இந்தி நேயர்களுக்கு அங்கிருந்து 1952இல் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா'வில் அமீன் சயானி பாட்டுகளை வரிசைப்படுத்திச் சொன்னார். இந்தியத் திரைப்பாடல்களுக்குக் கிடைத்த முதல் பெரிய 'ஹிட் பரேடு' அதுதான். தவறைத் திருத்திக்கொள்ள இந்திய அரசு 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதியைத் தொடங்கியது. ஆனால் அதற்குள் தமிழ்க் காதுகள் கொழும்புக்குப் பழகிவிட்டிருந்தன.

எழுபதுகளில் காலையில் 'பொங்கும் பூம்புனல்', இரவில் 'இரவின் மடியில்' என்று நாளே இலங்கை வானொலியின் நேரத்தில் நகர்ந்தது. மடமடவென்று பேசி ஆளைக் கட்டிப்போடும் கே.எஸ்.ராஜா, ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரிக்கும் பி.எச்.அப்துல் ஹமீத், கனிவான குரலுடைய ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சினிமா நட்சத்திரங்களுக்குச் சமமான புகழோடு இருந்தார்கள். சிற்றலை ஒலிபரப்பு வானத்தின் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி வருவது. அதனால் சில நேரம் கரகரக்கும், சில நேரம் அலையலையாக மங்கித் தெளியும். அதையும் பொருட்படுத்தாமல் மக்கள் முள்ளைத் திருப்பித் திருப்பி அந்த இடத்தைப் பிடித்தார்கள். நேயர் விருப்பத்துக்குக் கடிதம் எழுதினார்கள். பாட்டைப் போடுவதற்கு முன் அறிவிப்பாளர் ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் வரிசையாக வாசிப்பார். ஒரு பாட்டுக்கு அந்த வரிசை நீண்டுகொண்டே போனால் அது ஜெயித்த பாட்டு. தமிழர்கள் போட்ட ஓட்டு அது.

இலங்கை வானொலி இங்கிருந்து போன பாட்டை நமக்கே திருப்பி அனுப்பியதோடு நிற்கவில்லை. சினிமாவுக்கு வெளியே பிறந்த தமிழ்ப் பாப் பாடல்களையும் அதுதான் நமக்குக் கொண்டுவந்தது. அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து இலங்கைத் தமிழ் இளைஞர்கள் கிடாரைத் தூக்கிக்கொண்டு சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டமைத்துப் பாடத் தொடங்கினார்கள். அங்கே அதைப் பொப்பிசை என்றார்கள், துள்ளிசை என்றும் சொன்னார்கள். அடித்தளம் 'பைலா'. போர்த்துக்கீசியர் காலத்தில் தீவுக்கு வந்த தாளமும், அவர்களோடு வந்த ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் ஆட்டமும் கலந்து உருவான இசை அது. சிங்களத்தில் 1966இல் கிளாரன்ஸ் விஜேவர்தன 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவோடு கிடார் இசைக்குப் புதுப்பாதை போட்டார். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ.மனோகரனும் வந்தார்கள்.

நித்தியின் 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இரண்டும் யாழ்ப்பாணத்துப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டவை. கதாநாயகனும் கதாநாயகியும் மரத்தைச் சுற்றவில்லை. தெருவில் நடப்பதைத் தெருவின் மொழியில் அந்தப் பாட்டுகள் சொல்லின. மனோகரனை 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்றே அழைத்தார்கள். அவர் பாடிப் பரவிய 'சுராங்கனி', சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த கதையைச் சொல்லும் சிங்களப் பாட்டு. ஒரு சொல்லும் விளங்காமல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதை முழுதாகப் பாடினார்கள். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதை எடுத்தாள, மலேசியா வாசுதேவன் பாடினார். பாட்டு பட்டிதொட்டியெல்லாம் போனது. ஆனால் மனோகரனின் பெயர் அந்த அளவுக்குப் போகவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பாட்டு நிலைக்க வேண்டுமானால் சினிமாவுக்குள் நுழைந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. நம் இசைக்கு நேர்ந்த பெரிய நஷ்டங்களில் இதுவும் ஒன்று.

அப்படியானால் சினிமாவைத் தாண்டி ஜெயித்தவர் தமிழ்நாட்டில் எவருமே இல்லையா? ஒருவர் இருக்கிறார். எல்.ஆர்.ஈஸ்வரி.

'சோல்' இசை பிறந்த கதையை இங்கே நினைத்துப்பார்க்க வேண்டும். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டு, உருகிக் கத்திக் கைதட்டிக் கடவுளை அழைக்கும் பாட்டு, ஐம்பதுகளில் ரே சார்ல்ஸ் போன்றவர்களால் காதல் பாட்டாக மாறியது. அரிதா ஃபிராங்க்ளின் டெட்ராய்ட் நகரத்துப் போதகரின் மகள். கோயிலில் பாடிப் பழகிய தொண்டையோடு 1967இல் பட்டியலின் உச்சிக்குப் போனார். அதே டெட்ராய்டில் பெர்ரி கோர்டி 1959இல் தொடங்கிய மோட்டவுன் நிறுவனம், கறுப்பினப் பாடகர்களை வெள்ளையர் வீட்டு ரேடியோவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. 'தி சுப்ரீம்ஸ்' என்ற மூன்று பெண்களின் குழு 1964க்கும் 1969க்கும் இடையில் 12 முறை முதலிடம் பிடித்தது.

ஈஸ்வரி இதே பாதையில் எதிர்த்திசையில் நடந்தவர். லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற பெயரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1961இல் 'பாசமலர்' படத்துத் தோழிப் பாட்டு அவரைத் தமிழ்நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது. பிறகு கிளப் நடனங்களுக்கும் துள்ளல் பாட்டுகளுக்கும் அவர் குரல்தான். சிரிப்பு, ஏக்கப் பெருமூச்சு, திடீரென்று உயரும் கூவல் எல்லாம் அதில் உண்டு. அதே குரல் எழுபதுகளில் மாரியம்மனைப் பாடியது. ஆடி மாதம் கூழ் ஊற்றும் ஊர்களில் – நைனார்பாளையம் வட்டாரத்தில் மாரியம்மன் இல்லாத ஊர் ஏது – ஸ்பீக்கர் கட்டியதும் முதலில் ஒலிப்பது இன்றும் ஈஸ்வரிதான். படமில்லை, நடிகர் இல்லை, போஸ்டர் இல்லை. ஐம்பது வருஷமாகப் பட்டியலிலிருந்து இறங்காத பாட்டுகள் அவை. அமெரிக்காவில் கோயில் குரல் நடன மேடைக்குப் போனது, இங்கே நடன மேடைக் குரல் கோயிலுக்கு வந்தது. தமிழின் 'சோல்' பாடகி யார் என்று கேட்டால் வேறு பெயர் சொல்ல முடியாது.

நகரத்தில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1969இல் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில், பட்டுச்சேலையும் பெரிய பொட்டுமாக ஒரு தமிழ்ப் பெண் ஏறி ஆங்கிலப் பாப் பாட்டுகளைப் பாடினார். இன்று உலகம் அறிந்த உஷா உதுப் அவர். பெங்களூரில் வளர்ந்த பிட்டு அப்பையா இன்னும் தூரம் போனார். சிறுவயதில் அவர் காதில் மேல்நாட்டுப் பாட்டைப் போட்டதும் ரேடியோ சிலோன்தான். இங்கிலாந்துக்குப் போய், கார்ல் டக்ளஸ் என்ற பாடகரைக் கொண்டு ஒரு பாட்டைப் பதிவு செய்தார். இசைத்தட்டின் பின்பக்கத்தை நிரப்ப, பதிவு நேரத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தில் எடுத்த 'குங்ஃபூ ஃபைட்டிங்' அது. 1974இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்து, 'சோல்' பட்டியலின் தலையிலும் ஏறியது. எழுபதுகளில் ஓர் இந்தியர் கை பட்ட பாட்டு உலகத்தின் நம்பர் ஒன் ஆனது என்பது நம்மூரில் இன்றும் பலருக்குத் தெரியாது.

கிராமத்துப் பாட்டும் நகரத்து மேல்நாட்டு இசையும் தமிழில் ஒன்றுசேர்ந்த வருஷம் 1976. 'அன்னக்கிளி' படம் மே மாதம் வெளியானது. அதற்கு இசையமைத்த பண்ணைப்புரத்து இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் மேடைகளில் ஊர் ஊராக வாசித்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை படித்து, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். எஸ்.ஜானகியின் குரலில் வயல்வரப்புப் பாட்டு, அடியில் அளந்து வைத்த கிடாரும் வயலினும். டீக்கடை, மைக் செட், டாக்கீஸ் மூன்றும் ஒரே வாக்காகச் சொன்ன தீர்ப்பு அது. மூன்று வருஷம் கழித்து 1979 ஏப்ரலில் எம்.எஸ்.விஸ்வநாதன் பதில் சொன்னார். கே.பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' பாப் இசைக்குழுவைப் பற்றிய படம். கமல், ரஜினி, சிங்கப்பூர், கண்ணதாசன் வரிகள். தமிழ் சினிமா பாப் இசையைக் கதையின் நடுவிலேயே உட்கார வைத்த படம் அது. ஐம்பதைத் தாண்டிய வயதில் எம்.எஸ்.வி. காட்டிய இளமைக்கு இணை சொல்வது கஷ்டம்.

பிறகு கேசட் வந்தது. வேண்டிய பாட்டை வேண்டியவர் தனியாகப் பதிந்துகொண்டார். 1983இல் இலங்கையில் போர் மூண்டது. வானொலியின் பழைய கலகலப்பு திரும்பவில்லை. கே.எஸ்.ராஜா 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். நித்தி ஆஸ்திரேலியாவில் குடியேறினார்.

எழுபதுகளின் பாட்டுக் கணக்கு எந்தப் பத்திரிகையிலும் அச்சாகவில்லை. அது பழைய மைக் செட்டுக்காரர்களின் தட்டுப் பெட்டிகளிலும், பரணில் கிடக்கும் பாட்டுப் புத்தகங்களிலும், வானொலியிலிருந்து யாரோ பதிந்து வைத்த நாடாக்களிலும்தான் இருக்கிறது. நைனார்பாளையத்திலோ சின்னசேலத்திலோ கல்வராயன் மலைக் கிராமத்திலோ உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய பாட்டுப் புத்தகங்களைப் பாதுகாக்கிறது. இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் 'நூலகம்' நிறுவனம் இணையத்தில் சேர்த்துவருகிறது. கொடுப்பதற்கு முன் ஒரு தாளில், அந்தப் பாட்டை எந்த ஊரில், எந்த விசேஷத்தில் போட்டார்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.