வானொலி விவரணமும் யாழ்ப்பாணக் கேட்போரும்: குரல்களின் தொழிற்பிரிவு பற்றிச் சில குறிப்புகள்

நவீன தமிழ் இலக்கிய வடிவங்கள் பற்றிய ஆய்வுகளில் நாவலுக்கும் சிறுகதைக்கும் நாடகத்துக்கும் கிடைத்துள்ள கவனத்தில் ஒரு சிறு கூறேனும் வானொலி விவரணத்துக்குக் கிடைக்கவில்லை. அது அச்சேறுவதில்லை, ஒலித்த கணத்திலேயே மறைந்துபோகிறது. அச்சிற் கிடைப்பதையே இலக்கியமெனக் கொள்ளும் எமது கல்விமரபுக்கு அது புலப்படாமற் போனதில் வியப்பில்லை. ஆயின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு தலைமுறையினரின் உலகநோக்கை உருவாக்கியதில், அச்சிட்ட எந்த நூலின் பங்குக்கும் வானொலியின் பங்கு குறைந்ததன்று.

விவரணம் என நாம் இங்கு சுட்டுவது யாது? தமிழகத்து வானொலியினர் 'உரைச்சித்திரம்' என்பர், பீ.பீ.சி. தமிழோசையினர் 'பெட்டகம்' என்றனர். செய்தி நிகழ்ந்ததைக் கூறும். பேச்சு ஒருவரின் கருத்தைக் கூறும். விவரணமோ நிகழ்ச்சியில் அகப்பட்ட மனிதரின் குரல், ஆவணம், இடத்தின் ஓசை, விளக்கவுரை ஆகியவற்றை ஒன்றோடொன்று உறவுபடுத்தி, நிகழ்ந்ததற்கான காரணங்களைத் தேடும். காரணங்களைத் தேடும் எந்த வடிவமும் வர்க்கச் சார்பற்றதாக இருத்தல் இயலாது.

இலங்கையில் ஒலிபரப்பு 1925 டிசம்பரில் கொழும்பில் ஆரம்பமாயிற்று. இலண்டனிலிருந்து பீ.பீ.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3இல் தொடங்கியது; இரண்டாம் உலகப் போரின் நடுவே, பேரரசின் பிரசாரத் தேவையினின்றும் பிறந்தது அது. அதற்குத் 'தமிழோசை' எனப் பெயரிட்டவர் ஈழகேசரியின் ஆசிரியராயிருந்த சோ. சிவபாதசுந்தரம். இலங்கை வானொலியிலும் பீ.பீ.சி.யிலும் பெற்ற அனுபவத்தை அவர் 1954இல் 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலாக்கினார். ஏகாதிபத்தியத்தின் போர்க்கருவியொன்று யாழ்ப்பாணத்துப் பத்திரிகையாளர் ஒருவரின் கையிற் கலைநுட்பமாக விளக்கம் பெற்றமை, சாதனங்களின் வரலாறு ஒருமுகமானதன்று என்பதற்கு நல்ல உதாரணம்.

வடிவத்தின் உள்ளமைப்பை இனி நோக்குவோம். ஒலிப்பதிவுக் கருவி கனமாகவும் அரிதாகவும் இருந்த காலத்தில், விவரணம் பெரும்பாலும் கலையகத்திலேயே எழுதி நடிக்கப்பட்டது. கமக்காரனின் குரல் நடிகரின் குரலாகவே ஒலித்தது. கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவி வந்தபின் உண்மையான கமக்காரனின் குரல் கேட்கத் தொடங்கிற்று. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் தமிழின் இருவழக்குத் தன்மை காரணமாக, இங்கு வேறோர் ஏற்றத்தாழ்வு நிலைபெற்றது. விளக்கவுரையாளர் எழுத்துத் தமிழிற் பேசுவார். மீனவரும் கூலித் தொழிலாளியும் பேச்சுத் தமிழிற் பேசுவர். முன்னவர் காரணம் கூறுவார். பின்னவர் துன்பம் கூறுவர். கடன் எவ்வளவு, வலை எப்போது அறுந்தது, மகன் எங்கே போனான் என்று மீனவரிடம் கேட்கப்படும். மீன்விலையை நிர்ணயிப்பவர் யார் என்ற வினாவுக்கு விடை பகர்பவர் விளக்கவுரையாளரே. சிந்திக்கும் உரிமை ஒரு வழக்குக்கும் வருந்தும் உரிமை மற்றதற்குமாகப் பங்கிடப்பட்ட இந்நிலையை நாம் குரல்களின் தொழிற்பிரிவு எனலாம். வானொலி கேட்பவனைப் பேசுபவனாகவும் ஆக்கவேண்டுமென பிரெக்ற் 1932இல் எழுதியபோது அவர் நாடியது, இத்தகைய பிரிவினையின் தகர்வையே.

இத்தொழிற்பிரிவு எதிர்பாராத ஒரு திசையிலிருந்து குடாநாட்டில் அசைவு கண்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினாற் பற்றரி அருமையாயிற்று, மண்ணெண்ணெயும் அவ்வாறே. ஜாம் போத்தல் விளக்கின் சிற்றொளியில் மக்கள் துவிச்சக்கரவண்டியின் டைனமோவை வானொலியோடு பொருத்தினர். ஆறு வோல்ற்று, மூன்று வாற்று. அவ்வளவே அதன் வலு. அது தரும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க இருவாயிகள் தேவைப்பட்டன. (பௌதிகம் படித்த மாணவனுக்கு ஊரில் மதிப்பு உயர்ந்திருந்த காலம் அது.) ஒருவர் மிதிக்க ஏனையோர் சூழ்ந்திருந்து இரவு ஒன்பதேகாலுக்குத் தமிழோசை கேட்டனர். மிதிப்பவர் களைத்தால் இலண்டனின் குரலும் தேய்ந்தது.

கேட்டல் உழைப்பாக மாறிய இந்நிலையை நாம் வெறும் அவலமாகவோ வீரக்கதையாகவோ கருதுதல் போதாது. வசதியுள்ள வீட்டின் விறாந்தையில் தனிமையில் நுகரப்பட்ட பண்டமொன்று, உழைப்பைப் பகிர்ந்தாலன்றிக் கிடைக்காத கூட்டுச் செயலாயிற்று. செய்தி முடிந்ததும் மிதியை நிறுத்துவதா, பின்வரும் விவரணத்துக்காகத் தொடர்ந்து மிதிப்பதா என்பதை அங்கிருந்தோர் தீர்மானிக்கவேண்டியிருந்தது. வானொலி ஓய்ந்தபின் எஞ்சிய இருளில், கேட்டதன் காரணகாரியங்களை அவர்களே தமது பேச்சுத் தமிழில் விவாதித்தனர். விளக்கவுரை கலையகத்தினின்றும் முற்றத்துக்கு இறங்கிவந்தது.

அல்ஜீரியப் போரின்போது வானொலி பெற்ற இடத்தை ஃபிரான்ட்ஸ் ஃபனன் 1959இல் வெளியான தமது நூலில் ஆராய்ந்துள்ளார். 1945க்கு முன்னர் அங்கிருந்த வானொலிப் பெட்டிகளில் நூற்றுக்கு 95 ஐரோப்பியரிடமே இருந்தன என்கிறார். போராட்டத்தின் குரல் வானில் எழுந்ததும் மக்கள் பெட்டிகளை வாங்கலாயினர். பிரெஞ்சு நிருவாகம் பற்றரியில் இயங்கும் பெட்டிகளின் விற்பனையைத் தடுத்தது. அலைகள் குழப்பப்பட்டபோது, ஒருவர் பெட்டியில் காது வைத்துக் கேட்டுச் சொல்ல மற்றையோர் விடுபட்டவற்றைத் தாமே நிரப்பிக்கொண்டனர். ஒப்புமை வெளிப்படை. வேறுபாடே ஆழமானது. அல்ஜீரியர் நாடியது தம்மவரின் குரலை. குடாநாட்டிலும் 1990 இறுதியிலிருந்து 'புலிகளின் குரல்' ஒலித்தது; ஆயினும் தம்மவரின் செய்தியை உறுதிப்படுத்த மக்கள் முன்னாள் ஆட்சியாளரின் தலைநகரத்தை நாடினர். கொழும்பின் தணிக்கை ஒருபுறம், உள்ளூர் ஆயுத அதிகாரம் மறுபுறம் என இரண்டுக்கும் நடுவே பேச்சு நெரிபட்ட சமூகத்தில், தொலைவே நம்பகத்தின் அளவுகோலாயிற்று.

அவ்விரவுகளிற் கேட்கப்பட்டவை சிறியனவல்ல. 1991இல் வளைகுடாப் போர். அவ்வாண்டின் முடிவிற் சோவியத் ஒன்றியத்தின் கலைவு. 1993இல் எரித்திரியாவின் விடுதலையும் ஒஸ்லோ உடன்படிக்கையும். 1994இல் தென்னாபிரிக்கத் தேர்தல். உலக விவகாரம் வேறெங்கோ நிகழ்வதன்று, தமது நிலைமையின் மறுபக்கம் என்ற உணர்வு பரவியது. ஆனால் இவ்வொப்பீடு பெரும்பாலும் தேசிய இன ஒடுக்குமுறை என்ற ஒரே சாளரத்தினூடாகவே நிகழ்ந்தது. எரித்திரியா கொடிக்காக நினைவுகூரப்பட்டது; அதன் நிலவுடைமை உறவுகள் பற்றி எவரும் கேட்கவில்லை. தென்னாபிரிக்காவின் நிறவெறியைக் கேட்டு மனங்கொதித்தோரிற் பலர் தமது ஊர்க் கிணற்றின் சாதிக்கட்டைப் பற்றி அதே இரவிற் பேசத் துணிந்தாரல்லர். 1990 ஒக்ரோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் முஸ்லிம் மக்களைக் குடாநாட்டினின்றும் வெளியேற்றினர். அதன்பின் சோனகத் தெருவின் வீடுகளில் வானொலி கேட்பதற்கு எவரும் இருக்கவில்லை. கேட்போர் வட்டத்திலிருந்து ஒரு சமூகமே அகற்றப்பட்டபின் நிகழ்ந்த உலக விவாதத்தை, முழுமையான பொதுவிவாதம் என நாம் கொண்டாடுதல் தகாது.

1995 ஒக்ரோபர் 30இன் இடப்பெயர்வோடு அம்முற்றங்களும் கலைந்தன. 2017 ஏப்பிரல் 30இல் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. அன்று முற்றங்களில் நிகழ்ந்த விவாதங்களை ஒலிப்பதிவு செய்ய அங்கு மின்சாரம் இருக்கவில்லை. இலண்டனின் விளக்கவுரையேனும் எங்கோ ஒரு நாடாவில் எஞ்சியிருக்கக்கூடும், மிதித்தவரின் விளக்கவுரை அவர் நினைவில் மட்டுமே உள்ளது. அவர்களிற் பலர் இன்று முதியோர். 2005இல் உருவான நூலகம் நிறுவனம் ஈழத்து வாய்மொழி வரலாறுகளையும் ஒலிப்பதிவுகளையும் திரட்டி வருகிறது. எமது பல்கலைக்கழக மாணவரும் கருவியோடு இவர்களிடம் செல்லலாம். கருவி இன்று கைத்தொலைபேசியிலேயே உண்டு. செல்வோர் எவ்வளவு நேரம் மிதித்தீர்கள், எவ்வளவு துன்பப்பட்டீர்கள் என்பதோடு நின்றுவிடாது, சோவியத் ஒன்றியம் ஏன் வீழ்ந்தது என்று அன்றிரவு உங்கள் முற்றத்தில் என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்றும் கேட்பார்களாயின், அவ்விடை இதுவரை எந்த விவரணத்திலும் ஒலிக்காத ஒன்றாயிருக்கும்.